பையன் ஈரோட்டு இல்லத்தில், வீடு திருப்பூரில்: குழந்தைகள் நலக்குழு முன் பெற்றோர்

கேட்கப்பட்ட கேள்வி இது: "நானும் வீட்டுக்காரரும் திருப்பூர்ல பனியன் கம்பெனி டெய்லருங்க. பையனுக்கு 15 வயசு, பத்தாவது பாதியில நின்னுட்டான். அவங்கப்பா அடிச்சதுல கோவிச்சுட்டுப் போயிட்டான். ஈரோடு ஜங்ஷன்ல ரயில்வே போலீஸ் பார்த்து இல்லத்துல சேர்த்திருக்காங்க. 'குழந்தைகள் நலக்குழுவுக்கு வாங்க'ன்னு போன் வந்துச்சு. கேஸ் ஆகுமா? வக்கீல் வைக்கணுமா? பையனைத் தருவாங்களா?"

மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பையன் மேல் கேஸ் இல்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி அவன் "பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை". 18 முடியாத எல்லாருமே அந்தச் சட்டத்துக்குக் குழந்தைதான், மீசை முளைத்திருந்தாலும். வக்கீல் கட்டாயமில்லை. பையனைத் தருவார்கள், இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் என்றைக்குத் தருவார்கள் என்பது உங்கள் வீட்டைப் பற்றி எழுதப்படும் ஒரு அறிக்கையைப் பொறுத்தது. பெற்றோர் பெரும்பாலும் குழுவின் முன்னால் என்ன பேசுவது என்றே யோசித்துக்கொண்டு போகிறார்கள். அங்கே பேசுவது பத்து நிமிடம். அதற்கு முன்பே யாரோ ஒருவர் வந்து பார்த்து, கேட்டு, எழுதி வைத்ததுதான் கோப்பில் நிற்கும்.

போன் வந்த எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டு ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: கூப்பிடுவது குழந்தைகள் நலக்குழுவா, இளைஞர் நீதிக் குழுமமா? பெயர் ஒன்றுபோல ஒலித்தாலும் இரண்டும் வேறு. ஓடிப்போனவர்கள், வேலைக்கு விடப்பட்டவர்கள், கொடுமைக்கு ஆளானவர்கள், ஆதரவில்லாதவர்கள் நலக்குழுவுக்கு வருவார்கள். திருட்டு, அடிதடி, கஞ்சா என்று குற்றச்சாட்டு இருப்பவர்கள் நீதிக் குழுமத்துக்குப் போவார்கள். பையன் இருக்கும் இடத்தின் பெயரிலேயே பாதி தெரிந்துவிடும். கூர்நோக்கு இல்லம் என்றால் அது இரண்டாவது வகை. கோவையிலும் சேலத்திலும் இருப்பவை அப்படிப்பட்டவை. அந்த வகை என்றால் என்ன செய்வது என்பதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

நலக்குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அரசு ஊழியர்கள் அல்ல, ஆனால் குழுவுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. அதனால் அவர்கள் போடுவது ஆணை, ஆலோசனை அல்ல. மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர வேண்டும். கண்டெடுக்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் முன்னிறுத்த வேண்டும், பயண நேரம் இதில் சேராது. அமர்வு இல்லாத நாள் என்றால் ஒரு உறுப்பினர் முன்னிலையிலேயே நிறுத்தித் தற்காலிகமாக இல்லத்தில் சேர்ப்பார்கள். உங்கள் பையனுக்கும் இப்படித்தான் நடந்திருக்கும். இறுதி ஆணைக்குக் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருந்தாக வேண்டும். நீங்கள் போகிற நாளில் இரண்டு பேர்தான் வந்திருந்தால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். இழுத்தடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குழுவுக்குக் கையும் காலுமாக இருப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர், அவருக்குக் கீழே பாதுகாப்பு அலுவலர்கள், சமூகப் பணியாளர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலிங் கொடுப்பவர்), புறத்தொடர்புப் பணியாளர் என்று ஆட்கள் இருப்பார்கள். உங்கள் வீட்டுக்கு வரப்போவது இவர்களில் ஒருவர். பெரிய பதவி என்று தோன்றாது. பைக்கில், தோளில் பையோடு, மத்தியான வெயிலில் வந்து நிற்பார். அவருடைய அறிக்கைதான் குழுவின் கண்.

இப்போது உங்கள் விஷயத்தில் தாமதம் ஆகக்கூடிய இடத்துக்கு வருகிறேன். பையன் கிடைத்தது ஈரோட்டில், வீடு திருப்பூரில், ஆதார் அட்டையில் ஒருவேளை தேனியோ மதுரையோ இருக்கும். திருப்பூரில் வேலை செய்கிற பாதிப் பேருக்கு ஆதாரில் சொந்த ஊர் முகவரிதான். ஈரோட்டுக் குழு அட்டையைப் பார்த்துத் தேனிக்குக் கடிதம் போட்டால், அங்கே பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு "குடும்பம் இங்கே இல்லை" என்று பதில் வரும், அதற்குள் வாரங்கள் ஓடிவிடும். முதல் நாளே "நாங்கள் இருப்பது திருப்பூரில்" என்பதைக் காகிதத்தோடு காட்டுங்கள். வாடகை ஒப்பந்தம் இருந்தால் நல்லது. லைன் வீடுகளில் யாரும் எழுதித் தர மாட்டார்கள், அப்போது சமையல் கேஸ் சிலிண்டர் புத்தகம், ரேஷன் கார்டு, இ.எஸ்.ஐ. அட்டை, கம்பெனி அடையாள அட்டை, பையன் படித்த பள்ளியின் கடிதம் என்று எது இருக்கிறதோ அது. பள்ளிக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் அதில் பையனின் பெயரும் உங்கள் பெயரும் திருப்பூர் முகவரியும் ஒன்றாக இருக்கும்.

அதன்பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். ஈரோட்டுக் குழு திருப்பூர் அலகிடம் வீட்டு விசாரணை அறிக்கை கேட்டு வாங்கி, அங்கிருந்தே உங்களிடம் ஒப்படைக்கலாம். அல்லது திருப்பூர்க் குழுவைக் கலந்து பேசி, பையனை அங்கே மாற்றலாம். மாற்ற ஆணை வந்தால் 15 நாளுக்குள் சிறார் காவல் பிரிவு கூட்டிப் போக வேண்டும் என்பது சட்டம். எதுவானாலும் ஈரோட்டிலிருந்து போன கடிதத்தின் மேலே இருக்கும் ந.க. எண்ணையும் (அலுவலகக் கடித எண்) தேதியையும் குறித்துக்கொண்டு, திருப்பூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நீங்களே போய், "இந்தக் கடிதம் வந்ததுங்களா, எங்க வீட்டுக்கு யார் வர்றாங்க?" என்று கேளுங்கள். மின்னஞ்சலில் வந்து பார்க்கப்படாமல் கிடக்கும் கடிதம் பெற்றோர் போய்க் கேட்ட அன்று மேலே வருவது சகஜம். கேட்பதில் தப்பொன்றுமில்லை, அது உங்கள் உரிமை.

சமூக விசாரணையை 15 நாளுக்குள் முடிக்க வேண்டும், குழந்தையை முதலில் முன்னிறுத்தியதிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை போட வேண்டும் என்று சட்டத்தின் 36ஆம் பிரிவு சொல்கிறது. அம்மா அப்பா இருவரும் வந்து, வீடும் தெரிந்து, பையனும் வர ஒப்புக்கொண்டால் நான்கு மாதம் தேவையே இல்லை.

எடுத்துப் போகிற காகிதங்கள்: பையனின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், இருவரின் ஆதார், பையனின் ஆதார், ரேஷன் கார்டு, குடும்பமாக எடுத்த ஒரு போட்டோ, எல்லாவற்றுக்கும் இரண்டு நகல். வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளிப் பதிவை. அதோடு உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு பார்த்து வயது கணிக்கும் மருத்துவப் பரிசோதனை. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால், இரண்டு தேதியும் கோப்பில் மோதும். முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்பா இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ். பிரிந்து வாழ்கிறவர்கள் என்றால் நீதிமன்ற ஆணை, இல்லாவிட்டால் இருவருமே வருவது மேல். இரண்டாம் கல்யாணத்தில் வந்த அப்பா மட்டும் தனியாக வந்து கேட்டால் தர மாட்டார்கள், அம்மா வர வேண்டும். வேலைக்கு லீவு கிடைக்கவில்லை என்று அமுச்சியையோ அப்புச்சியையோ (அம்மாவைப் பெற்ற பாட்டி, தாத்தா) அனுப்புகிற வழக்கம் இந்தப் பக்கம் நிறைய. அவர்களைக் கூடவே கூட்டிப் போகலாம், பதிலாக அனுப்பக் கூடாது.

அடித்ததை மறைப்பதா சொல்வதா? இதில்தான் பெற்றோர் அதிகம் சறுக்குகிறார்கள். நீங்கள் உள்ளே போவதற்கு முன்பே பையன் ஆற்றுப்படுத்துநரிடம் பேசியிருப்பான். அப்பா எதனால் அடித்தார், எத்தனை நாளாக அடிக்கிறார், அம்மா அப்போது என்ன செய்தார், எல்லாம் எழுதப்பட்டிருக்கும். உடம்பில் காயம் இருந்தால் மருத்துவச் சீட்டும் சேர்ந்திருக்கும். அதற்குப் பிறகு "நாங்க கை வச்சதே இல்லைங்க" என்றால், அடித்தது ஒன்று, பொய் சொன்னது ஒன்று என்று கணக்கு இரண்டாகும். கோபத்தில் கை ஓங்கியதை ஒப்புக்கொண்டு, இனி என்ன செய்வோம் என்று சொல்கிற அப்பாவை அந்த மேசை பலமுறை பார்த்திருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. சூடு வைத்தது, எலும்பு முறிந்தது, கம்பியால் அடித்தது என்கிற அளவில் இருந்தால் அது வேறு கதை. குழந்தையின் பொறுப்பில் இருப்பவரே கொடுமை செய்தால் 75ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. அப்படிப்பட்ட நிலை என்றால் பேசுவதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலைக் கேளுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே கொடுப்பார்கள், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உதவி எண் 15100.

"இனிமேல் அடிக்க மாட்டோம், எழுதியே தர்றோம்" என்பதை எல்லாரும் சொல்வார்கள். அதில் குழுவுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அவர்கள் தேடுவது நாளை காலை எட்டரை மணிக்குப் பையன் எங்கே இருப்பான் என்பதை. நீங்கள் இருவரும் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருகிற ஒன்றரை ஷிப்ட் ஆட்கள். அந்தப் பன்னிரண்டு மணி நேரம் பையன் லைன் வீட்டில் தனியாக, கையில் போனோடு. அவன் பள்ளியை விட்டதும், கூட்டாளிகள் மாறியதும், அப்பா அடித்ததும் பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து கிளம்பியவைதான். எனவே திட்டம் அதற்கு இருக்க வேண்டும். அம்மா ஆறு மாதத்துக்கு ஒரு ஷிப்டோடு நிறுத்திக்கொள்கிறார், சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருப்பார். பையன் இன்ன பள்ளியில் அல்லது இன்ன ஐ.டி.ஐ.யில் சேர்கிறான், தலைமையாசிரியரிடம் பேசியாகிவிட்டது. மாதம் இரண்டு முறை ஆற்றுப்படுத்துநரிடம் அப்பாவும் சேர்ந்து வருகிறார். கோபம் முற்றுகிற நாளில் பையன் பக்கத்துத் தெரு சித்தப்பா வீட்டில் தூங்குகிறான். இப்படி நான்கு வரியைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுத வேண்டியது அவர்கள் வேலை. நீங்கள் கொடுத்த தாள் அதற்குள் போய் உட்கார்ந்துவிடும்.

படிப்பைப் பற்றிச் சொல்லும்போது பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரைதான். அதைத் தாண்டிய பையனுக்கு வழிகள் வேறு. பாதியில் நின்ற அதே பள்ளியில் திரும்பச் சேர்க்கலாம், தலைமையாசிரியர் தயங்கினால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் சொல்லுங்கள். பள்ளிக்கே போக மாட்டேன் என்றால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். எட்டாவது தேறியிருந்தாலே வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் அரசு ஐ.டி.ஐ. எடுக்கும். பத்தாவதில் கணக்கு வராமல் ஓடிய பையனுக்கு வெல்டிங் கை வருவது உண்டு. குழுவும் இதைக் குறைவாக நினைக்காது. குறைவாக நினைப்பது என்னவென்றால் "எங்க கம்பெனிக்கே கூட்டிட்டுப் போயிடறோம், கைமடியா இருக்கட்டும்" என்று, அதாவது டெய்லருக்குக் கையாளாக வைத்துக்கொள்கிறோம் என்று சொல்வது. நல்லெண்ணத்தில்தான் சொல்வீர்கள், கண் பார்வையில் இருப்பான் என்று. ஆனால் குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 முடியாதவரை எந்த வேலையிலும், 14 முதல் 18 வரை உள்ளவரை அபாயகரமான வேலையிலும் வைக்கக் கூடாது. அந்த ஒரு வாக்கியம் அறிக்கையில் ஏறினால், பையன் படிப்பை விட்டதே வேலைக்கு அனுப்பத்தான் என்று விசாரணை திசை மாறும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறியில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு அதைக் கழிக்கப் பிள்ளையையும் தறிக்கு அனுப்பும் குடும்பங்களுக்கு இது இன்னும் பொருந்தும். அங்கே விஷயம் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வரை போகும், அதில் மாட்டுவது அட்வான்ஸ் கொடுத்தவர். எனவே அதை மறைக்காமல் சொல்வதுதான் குடும்பத்துக்கு நல்லது.

வீட்டு விசாரணைக்கு வருகிறவர் எதைப் பார்ப்பார்? பையன் எங்கே படுக்கிறான், புத்தகம் வைக்க இடம் இருக்கிறதா, வீட்டில் யாருக்குக் குடிப்பழக்கம், கடன் எவ்வளவு, மூத்த பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், பையனின் கூட்டாளிகள் யார். மத்திய மாதிரி விதிகளில் இதற்கென்றே படிவம் 22 இருக்கிறது, கேள்விகள் எல்லாம் அதிலிருந்து வருபவை. ஒற்றை அறை, பொதுக் கழிப்பறை என்பதைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம். வறுமைக்காகப் பிள்ளையைப் பிரிப்பதில்லை. பக்கத்து வீட்டிலும் வீட்டு ஓனரிடமும் கேட்பார்கள், அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள். இங்கே நடக்கிற பெரிய கோளாறு வேறு: அலுவலர் பகல் பதினொரு மணிக்கு வருவார், வீடு பூட்டியிருக்கும், பக்கத்தில் இருப்பவரும் கம்பெனிக்குப் போயிருப்பார். "இரண்டு முறை சென்றபோதும் வீடு பூட்டப்பட்டிருந்தது" என்று அறிக்கை போய்விடும், படிக்கிறவருக்கு அக்கறையில்லாத பெற்றோர் என்றுதான் தோன்றும். அதனால் முதல் நாளே இரண்டு போன் எண் கொடுத்து, எந்த நாளில் வீட்டில் இருப்போம் என்று சொல்லி, அன்று லீவு போட்டு இருங்கள். ஒரு நாள் பீஸ் ரேட் போனால் போகிறது.

இல்லத்தில் பையனைப் பார்க்கப் போகும்போது அடையாள அட்டை வேண்டும், நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா முதல் சந்திப்பில் கொஞ்சம் பின்னால் நிற்பது நல்லது. "ஊரே சிரிக்குது", "உன்னால எங்க மானம் போச்சு" என்ற பேச்சு வேண்டாம், அவனே அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். "சாமி, நீ எங்க இருந்தா செரியா இருக்கும்னு நெனைக்கற?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். இது வெறும் பாசத்துக்காகச் சொல்லவில்லை. விவரம் தெரிந்த வயதுக் குழந்தையின் விருப்பத்தைக் கணக்கில் எடுத்துத்தான் குழு ஆணையிட வேண்டும் என்று 37ஆம் பிரிவில் இருக்கிறது. 15 வயதுப் பையன் "வீட்டுக்குப் போக மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றால் அவனைத் தூக்கி உங்கள் கையில் தர மாட்டார்கள். அப்படிச் சொன்னால் அழுது, சத்தியம் வாங்கி, உறவுக்காரர்களைக் கூட்டி வந்து அமுக்கப் பார்க்காதீர்கள். ஆற்றுப்படுத்துநருடன் இன்னும் சில அமர்வு கேளுங்கள். அமுச்சி வீட்டிலோ மாமா வீட்டிலோ இருக்கச் சம்மதிக்கிறானா என்று பாருங்கள். தகுதியுள்ள நபர் என்று குழு ஏற்றுக்கொண்டால் அவர்களிடம் ஒப்படைக்கலாம். பாதி வழிக்கு வருகிற பையன் மீதி வழிக்கும் வருவான்.

குழுவின் அறையில் பையனிடம் தனியாகப் பேசுவார்கள், உங்களை வெளியே உட்காரச் சொல்வார்கள். எதிர்க்க வேண்டாம். வார்டு கவுன்சிலர், கட்சிக்காரர், ஊர்ப் பெரிய மனுஷர் யாரையும் கூட்டிப் போகாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் அது எடுபடலாம், இங்கே "பெற்றோரிடம் பேச முடியவில்லை, வேறு ஆட்கள் பேசுகிறார்கள்" என்று குறிப்பாகும். இதற்கு எந்தக் கட்டணமும் கிடையாது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் யாராவது "நான் பேசி முடிச்சுத் தர்றேன்" என்று பணம் கேட்டால், அது குழுவுக்குப் போகிற பணம் அல்ல.

காணவில்லை என்று வாட்ஸ்அப் குழுக்களிலும் பேஸ்புக்கிலும் போட்டோ போட்டிருப்பீர்கள். இன்றைக்கே நீக்குங்கள், பரப்பியவர்களிடமும் சொல்லுங்கள். சட்டத்தின் கீழ் வந்த குழந்தையின் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடுவது 74ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம், பையன் திரும்பப் பள்ளிக்குப் போகும்போது எல்லார் போனிலும் அந்தப் படம் இருப்பது.

போதைப் பழக்கம் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அதையும் நீங்களே சொல்லுங்கள். பெட்டிக்கடையில் கிடைக்கும் புகையிலைப் பொட்டலத்தில் ஆரம்பித்து வலி மாத்திரையைக் கரைத்து ஏற்றுவது வரை இந்த மாவட்டங்களில் பையன்களிடம் புழங்குகிறது. சிகிச்சைக்கு அனுப்பவும் மனநல மருத்துவரிடம் காட்டவும் குழு உத்தரவிட முடியும். கோவை அரசு மருத்துவமனையிலும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம், ஓ.பி. சீட்டின் நகலைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். ராத்திரி நேரத்தில் பேச மனநல உதவி எண் 14416 இருக்கிறது, கட்டணமில்லை. புகையிலையோ மதுவோ பையனுக்குக் கொடுத்தவர் யார் என்று தெரிந்தால் அதுவும் முக்கியம். டாக்டர் சொல்லாமல் குழந்தைக்குக் கொடுப்பவருக்கு 77ஆம் பிரிவில் ஏழு வருடம் வரை சிறை.

இனி, வந்த அழைப்பு நீதிக் குழுமத்திலிருந்து என்றால். அங்கே ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பையனை லாக்கப்பில் வைக்கவோ விலங்கு போடவோ கூடாது, 24 மணி நேரத்துக்குள் முன்னிறுத்த வேண்டும். ஜாமீன் தருவதுதான் பொது விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கு ஆபத்து, நீதிக்கு இடைஞ்சல் என்ற காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம், அதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். அப்போதும் விடுவதற்குப் பலம் சேர்ப்பது நன்னடத்தை அலுவலரின் அறிக்கை. மேலே சொன்ன நான்கு வரித் தாள் அவருக்கும் உதவும். இங்கே வக்கீல் வேண்டும், இலவசமாகவே கிடைப்பார். 16 முடிந்த பையன் மேல் கொடுங்குற்றம் சாட்டப்பட்டால் பெரியவர்களுக்கான விசாரணைக்கு அனுப்பலாமா என்று மதிப்பிடுவார்கள். அந்தக் கட்டத்தை வக்கீல் இல்லாமல் தாண்டாதீர்கள். பைக் ஓட்டி மாட்டியிருந்தால் அப்பாவுக்கும் கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும், வண்டிப் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை.

மகள் விஷயத்தில் இதே கேள்வி வந்தால் பதில் கொஞ்சம் மாறும். 16, 17 வயதுப் பெண் ஒரு பையனோடு போய்த் திரும்பக் கிடைத்தால், அவள் சம்மதம் எதுவாக இருந்தாலும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் குறுக்கே வரும், அதில் 18க்குக் கீழ் சம்மதம் செல்லாது. வாக்குமூலம் வாங்குவது முடிந்தவரை பெண் எஸ்.ஐ.யாக, சீருடை இல்லாமல், வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ இருக்க வேண்டும். அவள் நம்புகிற ஒருவர் கூட இருக்கலாம். வழக்கு முடியும்வரை துணை நிற்க ஆதரவு நபர் ஒருவரை நலக்குழுவிடம் கேட்கலாம், பலர் கேட்பதே இல்லை. இந்தப் பக்கத்தில் சொல்ல வேண்டியது ஒன்று: பையன் வேறு சாதி என்றால் உறவுக்காரர் வாயிலிருந்து வருகிற ஒரு மிரட்டல் வார்த்தைகூடக் குழுவின் காதில் விழும். வீட்டுக்கு அனுப்பினால் பெண்ணுக்கு ஆபத்து என்று தோன்றினால் அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. "அவசரமா மாப்பிள்ளை பார்த்து முடிச்சிடறோம்" என்பது தீர்வு ஆகாது. 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்தி வைத்தவருக்கும் துணை போன பெற்றோருக்கும் இரண்டு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. அம்மாவுக்குச் சிறை இல்லை, அபராதம் உண்டு.

பண உதவி பற்றிப் பலரும் கேட்பதால் இது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு; கணவனை இழந்த, பிரிந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் கடும் நோயில் இருப்பவர்கள், உறவினர் வீட்டில் வளரும் அநாதைகள் போன்றோருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இரண்டு டெய்லர் சம்பளம் வருகிற உங்கள் வீட்டுக்கு இது வராது. பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பார்க்க முடியாத நிலையிலுள்ள பிள்ளைகளுக்கு மாநில அரசின் அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தருகிறார்கள்.

ஆணை உங்களுக்கு ஏற்கவில்லை என்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆணை சரிதான், நடத்திய விதம் சரியில்லை, கோப்பு நகரவே இல்லை என்றால் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். குழுவைப் பற்றிய குறைகளைக் கேட்க வேண்டியவர் அவர்தான் என்று சட்டமே சொல்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். மனுவில் பையனின் பெயரை எழுதினால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பத்திரிகைக்காரர் முன்னால் நிற்காதீர்கள்.

ஒப்படைக்கும்போது உறுதிமொழி எழுதி வாங்குவார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் யாரையாவது முழுதும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆஜராக வேண்டும், எத்தனை மாதம் கண்காணிப்பு, ஆற்றுப்படுத்துநரிடம் எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆணை நகல் கேட்டு வாங்குங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி மூன்றிலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள், திரும்பப் பள்ளியில் சேர்க்கும்போது அதே தாளைத்தான் நீட்டுவீர்கள். திரும்பவும் ஓடிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்று ராத்திரியே 1098க்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லிவிடுங்கள். காணாமல் போன குழந்தை என்றால் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது, "ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று அனுப்ப முடியாது. ஆஜராக வேண்டிய தேதியில் ஏற்றுமதி ஆர்டர் அவசரம் வந்து லீவு கிடைக்கவில்லை என்றால், அன்று போகாமல் இருந்துவிட்டு மறுநாள் காரணம் சொல்லாதீர்கள். முன்கூட்டியே "தலைவர், குழந்தைகள் நலக்குழு" என்று முகவரியிட்டு வேறு தேதி கேட்டு ஒரு கடிதம், அதன் நகல் பாதுகாப்பு அலகுக்கு, இரண்டிலும் வாங்கிய தேதியோடு முத்திரை.